சார்ஜர் மேல் கிடந்த துண்டு

மூக்கில் குத்து விழுந்த அதே நொடியில்தான் அந்த யோசனை வந்தது. பின்னால் சாய்ந்து, கார்களுக்கு சார்ஜ் ஏற்றும் இயந்திரத்தில் முதுகு மோதி, அப்படியே வழுக்கிச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தேன். வாயெல்லாம் இரும்புச் சுவை. கண்ணுக்குள் பூச்சி பறந்தது. பூச்சிகளுக்கு நடுவே, என் காலடியில் ஒரு துண்டு கிடந்தது. பச்சைக் கரை போட்ட வெள்ளைத் துண்டு. அந்தத் துண்டுக்காகத்தான் அடி. அடித்தவர் அடுத்த குத்துக்குக் கையை மடக்கிக்கொண்டிருந்தார். எனக்குள்ளோ வேறு ஒன்று ஓடியது: ‘இந்த ஊர்க்காரன் கையிலிருந்து துண்டைப் பிடுங்க முடியாது. துண்டுக்கு ஒரு வரிசை செய்துகொடுத்தால் போதும்.’ அவ்வளவு தெளிவாக எந்த வகுப்பறையிலும் எனக்கு எதுவும் தோன்றியதில்லை. பிறகு இரண்டாவது குத்து விழுந்தது.

அன்று ஆடி அமாவாசை. காரைக்குடியிலிருந்து திருச்சி போகிற சாலையில், ஊர் முடிந்து பொட்டல் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. அதன் முற்றத்தில்தான் அந்த இயந்திரம் நிற்கிறது. வேகமாக சார்ஜ் ஏற்றுகிற வகை. கேபிள் இரண்டு உண்டு. ஒன்று எப்போதும் செத்துத் தொங்கும். கேபிள் முனையில் இருக்கும் கைப்பிடியை எல்லோரும் ‘கன்’ என்பார்கள். மற்ற நாட்களில் அங்கே ஈ ஓட்டலாம். அமாவாசை என்றால் ராமேசுவரத்தில் முழுக்குப் போட்டுத் திரும்புகிற வண்டிகள் எல்லாம் அந்த ஒற்றைக் கன்னை நம்பி வரும்.

எங்கள் வீட்டு டீசல் காரை விற்று மின்சாரக் கார் வாங்க வைத்தது நான். படிப்பு முடித்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவனுக்கு வீட்டில் என்ன செல்வாக்கு இருந்துவிடும்? இருந்த கொஞ்சத்தையும் அந்தக் காரில் போட்டேன். பேட்டரியைப் பற்றி என் அப்பாவிடம், அத்தாவிடம், பேசிய பேச்சில், அவருடைய ஹார்டுவேர் கடையில் ஆணி வாங்க வந்தவர்கள்கூட அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள். கடைசியில் அத்தா ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு.

“ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, இந்த வண்டி நம்மளை நடுரோட்டுல நிப்பாட்டுச்சுன்னு வையி. மறுநாளு அது நம்ம வாசல்ல நிக்காது.”

அந்த நாள் வந்துவிடும் போலிருந்தது. அக்காவின் மாப்பிள்ளை, என் மச்சான், வளைகுடாவில் கிரேன் ஓட்டுகிறவர். பெருநாளுக்கு வந்தவர், அக்காவின் பிரசவத்துக்காக ஒருமுறை விடுப்பை நீட்டிவிட்டார். இனி நீட்ட முடியாது. அன்று சாயங்காலம் திருச்சியில் விமானம் ஏறி, மறுநாள் காலை வேலையில் நின்றாக வேண்டும். நிற்கவில்லையென்றால் அந்த இடம் இன்னொருவருக்கு. வாடகைக் காருக்கு அத்தா முந்தின நாளே அலைந்தார். எல்லா வண்டியும் ராமேசுவரத்தில். “அதுக்கென்னத்தா, நம்ம வண்டி இருக்குல்ல” என்றேன். அத்தா என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

இரவு முழுக்க வாசலில் சார்ஜ் போட்டுவைத்தேன். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடுகிற புழுக்கம். மின்னழுத்தம் விழுந்து, வீட்டுச் சார்ஜர் எப்போதோ தானாக நின்றிருக்கிறது. காலையில் பார்த்தால் பாதிகூட ஏறவில்லை, திருச்சிவரை தாங்காது. சரி, இன்னும் நேரமிருக்கிறதே என்று மறுபடி செருகினேன். செருகிக் கையை எடுப்பதற்குள் கரண்ட் போயிற்று. மாதாந்திரப் பராமரிப்பாம், சாயங்காலம்தான் வருமாம்.

அக்கா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். “ஏன்டா, இவுகளைப் பிளேன் ஏத்தப் போறியா, இல்ல இங்கயே இருக்கட்டும்னு வேண்டிக்கிட்டியா?”

“போற வழியில ஏத்திக்கிருவோம்க்கா. டீ குடிக்கிற நேரம்தான்.”

மச்சான் பெட்டிகளை ஏற்றிக்கொண்டே, “எந்த ஊரு டீ மாப்ள?” என்றார்.

கடை முற்றத்துக்குப் போனபோது உச்சி வெயில். ஒரு கார் சார்ஜ் முடிந்து கிளம்பிக்கொண்டிருந்தது. வேறு காரே இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஆனால் இயந்திரத்தின் தலையில் அந்தப் பச்சைக் கரைத் துண்டு கிடந்தது. ஈரம். கடல் உப்பு வாடை.

காவலுக்கு இருந்தவர் நிழலிலிருந்தே குரல் கொடுத்தார். “தம்பி, அது ஆளு போட்டுட்டுப் போன துண்டு. நாமக்கல்லு வண்டி. பிள்ளையார்பட்டிக்குச் சாமி கும்பிடப் போயிருக்காக. வந்துருவாக.”

“வண்டி எங்கண்ணே?”

“வண்டியிலதான் போயிருக்காக.”

“வண்டியே இல்லாம வண்டிக்கு இடமா?”

அவர் கையை விரித்தார். நம் பக்கத்தில் பேருந்து வந்து நிற்பதற்குள் சன்னல் வழியாகத் துண்டோ, பையோ, சமயத்தில் கைப்பிள்ளையோ உள்ளே போய்விடும். துண்டு விழுந்த இருக்கையில் இன்னொருவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பெரிய மீசைகள்கூட நின்றுகொண்டே வரும். ஆனால் அதெல்லாம் பேருந்துக்கு. இது நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடுகிற இயந்திரம். இதற்குத் திரை இருக்கிறது, செயலி இருக்கிறது, செயற்கைக்கோளிலிருந்து பார்த்தால்கூடத் தெரியும் இது காலி என்று.

“துண்டு கெடக்குடா. வேணாம்” என்றார் மச்சான்.

“என்ன மச்சான் நீங்க? இது என்ன டவுன் பஸ்ஸா? காயப் போட்டிருக்காகன்னு வச்சுக்கிருவோம்.” துண்டை எடுத்துப் பக்கத்துக் கைப்பிடிச் சுவரில் மடித்து வைத்தேன். கன்னை வண்டியில் செருகினேன். உள்ளே பூட்டு விழுகிற சத்தம். விசிறி சுழன்றது. திரையில் எண்கள் ஏறத் தொடங்கின. அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். உலகம் சரியாகத்தான் போகிறது என்று அது சொல்கிற மாதிரி இருக்கும்.

அது நெடுநேரம் சொல்லவில்லை. ஒரு சாம்பல் நிறக் கார் புழுதியோடு உள்ளே வந்து, என் வண்டியின் பின்பக்கத்தை உரசுகிற மாதிரி நின்றது. நெற்றி நிறைய விபூதியோடு ஒருவர் இறங்கினார். மொட்டைத் தலை, லாரிச் சக்கரம் மாதிரித் தோள். அவருக்குப் பின்னால் அவருடைய தம்பி. உள்ளே பின்சீட்டில் வயதான அம்மா.

“ஏனுங்க தம்பி,” என்றார் அவர், ரொம்பத் தன்மையாக. “அதும்மேல ஒரு துண்டு போட்டிருந்தமுங்களே?”

“இங்கதான் பத்திரமா வச்சிருக்கேண்ணே.”

“துண்டு பத்திரமா இருக்குதுங்க. எடம் எங்கீங்க?”

“வண்டி இல்லாம எப்படிண்ணே இடம்? நாங்க பிளேனுக்குப் போறவுக. கொஞ்சம் ஏறுனதும் எடுத்துருவேன்.”

“எங்கம்மா காத்தாலருந்து பச்சத்தண்ணி பல்லுல படாம இருக்கறாங்க. ஊட்டுக்குப் போயி எங்கப்பனுக்குப் படைச்சாத்தான் சாப்பிடுவாங்க. கழட்டுங்க.”

“கழட்ட முடியாதுண்ணே.”

“கழட்டுங்கறனில்ல?”

“நீங்க துண்டு போட்டுட்டு ஊரைச் சுத்துவீக, நாங்க வேடிக்கை பாக்கணுமாக்கும்?”

‘ஊரைச் சுத்துவீக’ என்பதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர்கள் சுற்றியது பிள்ளையாரை. கை எங்கிருந்து கிளம்பியது என்றே தெரியவில்லை. மூக்குக்குள் ஏதோ முறிந்தது. துண்டும் சுவரிலிருந்து என்னோடு சேர்ந்து கீழே வந்தது. யோசனை வந்த நொடி அதுதான்.

இரண்டாவது குத்து காதில் விழுந்தது. நான் சும்மா இருக்கிற ரகமில்லை. கிடந்தபடியே அவர் முழங்காலைக் கட்டி இழுத்தேன். அந்த உடம்பு அப்படியே என் மேல் சாய்ந்தது. மூச்சு நின்றது. கடித்தேன். எதைக் கடித்தேன் என்று தெரியாது, அவர் “அய்யோ” என்று கத்தியதால் அவருடையதுதான். கார்க் கதவு திறந்து அந்த அம்மா வந்தார். பசியில் தள்ளாடுவார் என்று பார்த்தால், தீர்த்தம் கொண்டுவந்த பித்தளைச் செம்பால் என் மண்டையில் ஓங்கி ஒன்று போட்டார். தீர்த்தம் முகத்தில் ஊற்றியது. “எம்பையனைக் கடிக்கறயாடா, நாய்க்குப் பொறந்தவனே!” இன்னொன்று. செம்பு நெளிந்தது.

மச்சான் தூரத்தில் நின்றார். பாஸ்போர்ட் இருக்கிற பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, மற்றொரு கையைத் தூக்கிக்கொண்டு, “வேணாங்க, விடுங்க, வேணாங்க” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். கோழை இல்லை அவர். ஊரில் அவர் கைக்குப் பயந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் விமானம் ஏறப்போகிற அன்று ஒரு வழக்கில் பெயர் வந்தால் என்ன ஆகும் என்று வளைகுடாவில் வேலை பார்க்கிற எவருக்கும் தெரியும். ஒரு அடி திருப்பி அடித்தால் போதும், எல்லாம் போயிற்று.

கடைக்குள்ளிருந்து சாப்பாட்டுக் கையோடு ஆட்கள் வந்தார்கள். வந்த வேகத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். “துண்டு போட்டது போட்டதுதான்ப்பா!” என்று ஒரு கூட்டம். “மெசினுக்கு எதுக்குய்யா துண்டு?” என்று இன்னொன்று. மின்சாரக் கார் என்றால் என்னவென்றே பார்த்திராதவர்கள், அதற்காக ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தார்கள். சாம்பார் வாளி ஒன்று உருண்டது. பாதிப் பேர் அடித்துக்கொண்டார்கள், மீதிப் பேர் செல்போனில் எடுத்தார்கள்.

மச்சானும் அந்தச் செல்போன்களைப் பார்த்தார். படம் ஊரெல்லாம் சுற்றும். முகம் தெரிந்தால் தீர்ந்தது. தரையில் கிடந்த அந்தத் துண்டை வாரி எடுத்துத் தலையோடு முகத்தைச் சுற்றிக்கொண்டார். இரண்டு கண் மட்டும் தெரிந்தது.

இதற்குள் அந்தத் தம்பி கன்னைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அது பூட்டிக்கொண்டால் யானை இழுத்தாலும் வராது. நான் கீழே கிடந்தபடி கத்தினேன்: “இழுக்காதே, உடையும்!” அவன் காலை என் கார்மேல் ஊன்றிக்கொண்டு இழுத்தான். வரவில்லை. இயந்திரத்தின் நெஞ்சில் சிவப்பாக ஒரு குமிழ் இருக்கிறதல்லவா, ஆபத்துக்கு அமுக்குவது? அதில் முஷ்டியால் ஒன்று விட்டான்.

விசிறி நின்றது. திரை சிவந்து, பிறகு இருண்டது.

சட்டையைப் பிடித்திருந்தவர்கள் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தார்கள். காவல்காரர்தான் முதலில் பேசினார். “அமுக்கிட்டியா? போச்சு. இனி எவனுக்கும் ஏறாது. மேலிடத்துல இருந்து எடுத்து விட்டாத்தான் உண்டு.” கன் என் வண்டிக்குள் பூட்டியபடியே இருந்தது. எனக்கும் சார்ஜ் இல்லை, அவர்களுக்கும் இல்லை, என் காரை நகர்த்தவும் முடியாது.

அந்தத் தம்பிக்கு வெறி ஏறிவிட்டது. அவர்கள் கார் டிக்கியைத் திறந்து சக்கரம் கழற்றும் ஸ்பானரை எடுத்தான். என் வண்டியின் பக்கக் கண்ணாடி ஒரே அடியில் சிதறியது. அடுத்த அடி முன்கண்ணாடியில். சிலந்தி வலை மாதிரி விரிந்தது. மூன்றாவது அடி எனக்கு என்று அவன் கண்ணிலேயே தெரிந்தது. எழ முடியவில்லை. அண்ணன் என் மேல் உட்கார்ந்திருந்தார்.

ஸ்பானர் இறங்கவில்லை. துண்டு சுற்றிய முகம் ஒன்று பின்னாலிருந்து வந்து, அதைக் காற்றிலேயே பிடித்தது. மச்சான். உள்ளங்கை கிழிந்து ரத்தம் முழங்கைக்கு ஓடியது. அடிக்கவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் நின்றார். துண்டுக்குள்ளிருந்து ஒரு உறுமல்: “தம்பி, நான் இப்ப உன்னை அடிச்சா ஏம் பொழப்புப் போயிரும். அதுனாலதான் நீ நின்னுக்கிட்டிருக்கே. புரியுதா?”

அவனுக்குப் புரிந்தது. கை தளர்ந்தது.

“போலீசக் கூப்பிடறனுங்க!” என்றார் என்மேல் உட்கார்ந்திருந்தவர்.

“கூப்பிடுங்க. உங்கம்மாவும் வரட்டும். செம்பையும் மறக்காம எடுத்துக்கிருங்க” என்றேன், அவருக்குக் கீழிருந்து. அந்த அம்மா நெளிந்த செம்பைச் சேலைக்குள் மறைத்தார்.

அப்போதுதான் ஹாரன் கேட்டது. ராமேசுவரத்திலிருந்து திருச்சி போகிற பேருந்து, கடை முன்னால் ஆளை இறக்க நின்றது. உள்ளே கால் வைக்க இடமில்லை. ஈரத் தலைகளும் கூடைகளுமாகப் படியில் ஆள் தொங்கியது. இறங்கியது நான்கைந்து பேர். ஏறுவதற்குச் சாலையோரம் அதைவிட நிறையப் பேர் ஓடினார்கள்.

மச்சான் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். பிறகு ஓடினார். கிரேன் ஓட்டுகிறவர் அப்படி ஓடுவார் என்று நான் நினைத்ததில்லை. ஓடுகிற ஓட்டத்திலேயே முகத்துத் துண்டை உருவி, சுருட்டி, காலியான சன்னலோர இருக்கைக்குள் எறிந்தார்.

“டேய், எந்துண்டு!” என்று எழுந்தார் மொட்டைத் தலைக்காரர். அதனால்தான் எனக்கு மூச்சு வந்தது.

உள்ளே அந்த இருக்கையில் உட்காரப் போன ஒருவர், ரத்தக்கறையோடு வந்து விழுந்த துண்டைப் பார்த்து, மறுபேச்சில்லாமல் விலகி நின்றார்.

நான் பெட்டிகளை எடுக்க ஓடினேன். மூக்கு ஒழுக ஒழுக ஒன்றைத் தூக்கினேன், இன்னொன்று அசையவில்லை. அக்கா கட்டிக்கொடுத்த ஊறுகாயும் மாவும் அதில்தான். பின்னாலிருந்து ஒரு கை வந்து அதை வெடுக்கென்று தூக்கியது. ஸ்பானர்த் தம்பி. “போயித் தொலைங்கடா சீக்கிரம்” என்று பல்லைக் கடித்தபடி, ஓடிவந்து பேருந்துப் படியில் எறிந்தான். நடத்துநர் திட்டினார். விசில் அடித்தார். சன்னலில் மச்சான் கட்டைவிரலை உயர்த்தினார். ரத்தம் சொட்டியதால் உடனே இறக்கிக்கொண்டார்.

மேலிடத்தோடு பேசி இயந்திரத்தை உயிர்ப்பிக்க வெகுநேரம் ஆயிற்று. வாடிக்கையாளர் சேவை எண்ணில் ஆங்கிலத்துக்கு ஒன்று, இந்திக்கு இரண்டு என்றார்கள். என் மூக்கு வீங்கியிருந்ததால் எந்த மொழியும் சரியாக வரவில்லை. அவர்கள் ஒரு பக்கத்து மேசையிலும் நான் எதிர்ப் பக்கத்திலும் ஐஸ்கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான் கடித்தது அவர் தோளை. நல்ல பல்வரிசை.

“பிளேனுன்னு முன்னாடியே சொல்லக் கூடாதுங்களா?” என்றார் அவர், கடைசியில்.

“சொன்னேனே!”

“அடிச்சதுக்கப்பறம் சொன்னமாதிரி இருந்துதுங்க.”

நான் அந்த அம்மாவுக்கு இளநீர் வாங்கிக்கொண்டு போனேன். “உங்கையால விசங்கூட வேண்டாம்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரை மறுபடி பச்சையானதும் கன் பூட்டு திறந்தது. மொட்டைத் தலைக்காரர் எழுந்து வந்து, என்னைக் கேட்காமல் என் வண்டியிலிருந்து அதை உருவித் தன் வண்டியில் செருகிக்கொண்டார். எனக்கு இனி அவசரம் இல்லை. தவிர, அவர் இடம்தானே.

மச்சானிடமிருந்து அன்று முன்னிரவில் ஒரு படம் வந்தது. கையில் கட்டு, பக்கத்தில் விமானச் சன்னல். மடியில் அந்தத் துண்டு. ‘சீட்டைப் புடிச்சாச்சு மாப்ள’ என்று எழுதியிருந்தார். அக்கா அதைப் பார்த்துவிட்டு அழுதாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு மறுபடி அழுதாள்.

அத்தா உடைந்த கண்ணாடியைத் தடவிப் பார்த்தார். “நடுரோட்டுல நிப்பாட்டுச்சா?”

“இல்லத்தா. ஓரத்துலதான் நிப்பாட்டுச்சு.”

ஓங்கிய கை பாதியில் நின்றது. என் மூக்கில் இனி அடிக்க இடமில்லை என்று கண்டிருப்பார். “மருமகப்புள்ள அடுத்த தடவை வரும்போது நீதான் போயிக் கூட்டியாறே. இதே வண்டியில. கீறல் இல்லாம வந்து சேரணும். இல்ல, அன்னைக்கே வித்துருவேன்.”

ஆக, எனக்கு அதுவரை நேரம் இருக்கிறது. அந்தச் சாப்பாட்டுக் கடைக்காரரிடம் பேசியாயிற்று. அவருக்கு உருண்டு போன சாம்பார் இன்னும் நினைவிருக்கிறது, உடனே சரி என்றார். இயந்திரத்துக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய் ஒன்று நட்டு, அதில் வரிசையாகக் கொக்கிகள் அடிக்கப் போகிறேன். அத்தா கடைக் கொக்கிதான். வருகிறவர் தம் துண்டை அடுத்த கொக்கியில் மாட்டலாம். சாமி கும்பிடப் போகலாம், சாப்பிடப் போகலாம். முறை வரும்போது வண்டி நிற்கவில்லையென்றால் துண்டு கடைசிக் கொக்கிக்குப் போகும், அவ்வளவுதான். அதை நகர்த்தும் வேலைக்குக் காவல்காரர் சம்மதிக்கவில்லை. “நான் மூக்கோட இருந்துக்கிர்றேன் தம்பி” என்றார். அதனால் கொக்கிக்குக் கீழே துண்டின் எடையை உணர்கிற ஒரு சின்னக் கருவி, வண்டி நிற்கிறதா என்று பார்க்க ஒரு கேமரா, முறை தவறினால் கத்துவதற்கு ஒரு மணி என்று மேசையில் பிரித்துப் போட்டிருக்கிறேன். ஈரத் துண்டுக்கும் காய்ந்த துண்டுக்கும் எடை மாறுவதால் இப்போதைக்கு அது காரணமே இல்லாமல் கத்துகிறது.

தை அமாவாசைக்குள் சரிசெய்து நட்டுவிடுவேன். நாமக்கல்காரரின் எண் என்னிடம் இருக்கிறது. அன்றைக்கு அந்த வழியாகத்தான் வருவாராம். முதல் கொக்கியில் அவர் துண்டையே மாட்டச் சொல்லியிருக்கிறேன். “பழைய துண்டு குவைத்துல இருக்குதுங்களே” என்றார். புதிது ஒன்று, பச்சைக் கரை போட்டு, வாங்கி வைத்திருக்கிறேன். மணி அடித்ததும் நான் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதையும் பார்த்து வைத்திருக்கிறேன்.